கமரா மலிவாயிற்று, படம் யாரிடம்? புத்தளக் கரையின் ஒரு புகைப்பட வரலாறு

"ஒரு கமரா வாங்க எவ்வளவு வேணும்?" கம்பஸுக்கு முதலாம் வருடம் வரும் தம்பி தங்கச்சிமார் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் நிற்கிறது: எடுத்த படம் கடைசியில் யாரிடம் இருக்கும்?

முதல் கேள்விக்கான விடை கடந்த நூற்றெழுபது வருடமாகக் குறைந்துகொண்டே வந்திருக்கு. ஒரு காலத்தில் கமரா என்பது பெரிய முதலாளிக்கும் வெள்ளைக்காரத் துரைக்கும் உரிய பொருள். இன்று மீன்வாடியில் வேலை செய்கிற பொடியனின் சட்டைப் பையில் அது கிடக்குது. ஆனால் இரண்டாவது கேள்விக்கான விடை அப்படி ஒரே திசையில் போகவில்லை. சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என்று நீளும் எங்கட கரையை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, குறைந்த காசில் இன்று என்ன செய்யலாம் என்பதற்கும் வருவோம்.

கண்ணாடித் தகட்டுக் காலம்

இந்தக் கரையைப் பற்றி வெளியாட்கள் எழுதுவது புதுசில்லை. 1344 இல் இப்னு பதூதா புத்தளத்தில் வந்திறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் அவரிடம் இருந்த முத்துக்களையும் தன் பயணநூலில் எழுதிவைத்தார். பேனாவுக்குப் பிறகு கமரா வந்தது. அதுவும் வெளியிலிருந்துதான் வந்தது.

1851 இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூச வேணும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்க்க வேணும். ஈரம் காயமுதல் கமராவில் வைத்துப் படம் பிடித்து, அங்கேயே கழுவியும் முடிக்க வேணும். எங்கட வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யோசித்துப் பாருங்க. ஆகவே படம் எடுக்கப் போறவர் இருட்டுக் கூடாரம், இரசாயனப் போத்தல், கண்ணாடித் தகடு, இதையெல்லாம் சுமக்க ஆட்கள் என்று ஒரு சின்னப் படையோடு போக வேண்டியிருந்தது.

இவ்வளவு செலவு செய்து எடுக்கிற படம் விலைபோக வேணும்தானே. கொழும்பில் ஸ்கீன் கம்பனியும் கண்டியில் ஜோசப் லோட்டனும் எடுத்தவை பெரும்பாலும் அப்படிப்பட்டவை: கோப்பித் தோட்டம், ரயில் பாதை, மலைநாட்டுக் காட்சி, பழைய நகரங்களின் இடிபாடுகள். 1870–71 காலத்தில் லோட்டன் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் சீகிரியாவையும் எடுத்த படங்கள் இன்றைக்கும் தொல்லியல் ஆட்களுக்குப் பயன்படுகின்றன. எங்கட உப்பளமும் கரைவலையும் அந்தப் பாதையிலிருந்து விலகியே கிடந்தன.

உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரூன் 1875 இல் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 இல் இறக்கும்வரை அவர் இங்கே எடுத்தவற்றில் இன்று தெரிய வந்திருப்பவை 30க்கும் குறைவு. தோட்டத் தொழிலாளரையும் களுத்துறை ஊர்ச்சனத்தையும் எடுத்திருக்கிறார். அழகான படங்கள். ஆனால் அந்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. 1877 இல் அதே கமராவுக்கு முன்னால் நின்ற ஓவியர் மரியான் நோர்த்தின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும். படம் இருப்பதும் ஆள் இருப்பதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

ஒரு டொலர் கமராவும் முத்துக்குளிப்பும்

1888 இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் கொடக் கமராவை 25 டொலருக்கு விற்றார். உள்ளே 100 படங்களுக்கான சுருள் இருக்கும். முடிந்ததும் கமராவையே கம்பனிக்கு அனுப்பினால் படத்தைக் கழுவித் தருவார்கள். 1900 இல் அதே கம்பனி பிரவ்னி என்ற பெட்டிக் கமராவை ஒரு டொலருக்கு இறக்கியது. ஆறு படத்துக்கான சுருளின் விலை 15 சதம். சின்னப் பிள்ளையும் படம் எடுக்கலாம் என்பதுதான் அதன் விளம்பரமே. இன்றைக்கு நாங்கள் பேசுகிற மலிவுக் கமராவின் கதை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் அமெரிக்காவில் ஒரு டொலர் என்பது எங்கட கரையில் எல்லோருக்கும் எட்டுகிற காசாக இருக்கவில்லை. மலிவுக் கமரா இங்கே பயணிகளின் கையில்தான் வந்திறங்கியது. அவர்கள் பார்க்க விரும்பிய பெரிய காட்சிகளில் ஒன்று முத்துக்குளிப்பு. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டைத் தாண்டியதும் வரும் மறிச்சுக்கட்டியில், குளிப்புக் காலத்துக்கென்றே கிடுகுக் கொட்டில்களால் ஒரு நகரம் எழும்பும். கீழக்கரையிலிருந்து சுழியோடிகள் வருவார்கள், வளைகுடாவிலிருந்து அறபிகள் வருவார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மிச்சம் ஒரு பங்குதான் மூச்சைப் பிடித்து இறங்கியவனுக்கும் அவன் கூட்டத்துக்கும். 1906 இல் அங்கே அதிகாரியாக வேலை பார்த்த லெனார்ட் வூல்ப் பிறகு அதைக் கதையாகவும் எழுதினார்.

அந்தக் காலத்தில் தபாலட்டை வியாபாரமும் சூடுபிடித்திருந்தது. 1890 இல் கொழும்பில் தொடங்கிய பிளாத்தே கம்பனி இலங்கைக் காட்சிகளைத் தபாலட்டையாக்கி உலகமெங்கும் அனுப்பியது. இப்படித்தான் கடலும் வள்ளமும் சுழியோடியும் லண்டன் வீட்டு அல்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. படத்தில் நின்றவன் அந்தப் படத்தைக் கண்டிருப்பானா? அனேகமாக இல்லை. கமரா மலிவாயிற்று, படம் இன்னும் தூரமாகத்தான் போயிற்று.

வெண்ட் விட்டுப்போன பாடம்

உள்ளூர் ஆள் ஒருவர் கையில் கமரா வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லயனல் வெண்ட் சாட்சி. 1900 இல் பிறந்த இவர் சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர். 1934 இல் உருவான இலங்கைப் புகைப்படச் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். 1925 இல் ஜெர்மனியில் அறிமுகமான லைக்கா போன்ற சின்னக் கமரா, பெரிய பெட்டியைச் சுமக்காமல் ஊருக்குள் நடந்து திரிய இடம் கொடுத்தது. மீனவர், விவசாயி, சாதாரணச் சனத்தின் உடல், வேலை, ஓய்வு எல்லாம் அவருடைய படத்தில் வந்தன. 1938 இல் லண்டனிலும் அவருடைய கண்காட்சி நடந்தது.

வெண்ட் 1944 இல் இறந்தார். அதற்குப் பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று எங்களுக்குக் கிடைப்பவை அவர் உயிரோடு இருந்தபோது போட்ட பிரிண்டுகளும், 1950 இல் வெளிவந்த புத்தகமும்தான். நாட்டின் ஆகச் சிறந்த புகைப்படக்காரருக்கே இந்தக் கதி என்றால், எங்கட வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிற படங்களை யார் பார்ப்பது? எடுப்பது ஒரு வேலை, வைத்திருப்பது இன்னொரு வேலை. இரண்டாவதுக்கு லைக்கா தேவையில்லை. பொறுப்பான ஒரு ஆள் தேவை.

ஸ்டூடியோ எங்களுக்குத் தந்தது

எங்கட மூத்தவர்களில் பலருக்கு முதல் படம் என்பது அடையாள அட்டைப் படம்தான். 1972 இல் தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கியதும் கடலுக்குப் போறவரும் உப்பளத்தில் வாய்க்கால் வெட்டுறவரும் ஒரு நாளாவது ஸ்டூடியோ வாங்கில் நிமிர்ந்து உட்கார வேண்டி வந்தது. அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது ஒரு முகம். ஆனால் ஸ்டூடியோவுக்குள் போனவர்கள் அத்தோடு நிற்கவில்லை. அடுத்த முறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் தொங்கும் துணியில் மாளிகை, பூந்தோட்டம், ஆறு. முன்னால் பெருநாள் உடுப்பில் குடும்பம். உடப்புத் திருவிழாவுக்கு வந்தவர்களும் தலவில் அன்னம்மாள் கோயில் பெருநாளுக்கு வந்தவர்களும் இப்படித்தான் ஞாபகத்தைக் காகிதத்தில் கொண்டுபோனார்கள்.

1970களின் இறுதியிலிருந்து மத்திய கிழக்கு வேலை தொடங்கியதும் இன்னொரு மாற்றம் வந்தது. உம்மாமார் சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் திரும்பும்போது சூட்கேசுக்குள் கெசட் ரெக்கோடரோடு சின்ன ஒரு பிலிம் கமராவும் வந்தது. ஒரு ரோலில் 36 படம். ஒரு கலியாணத்துக்கு ஒரு ரோல், சிலவேளை அதில் மிச்சமிருந்தால் ஒரு சுன்னத்து வீடும் முடியும். எண்ணி எண்ணி எடுத்தார்கள். ஆனாலும் இது பெரிய திருப்பம்: முதல் தடவையாக எடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் வைத்திருந்தவரும் ஒரே வீட்டுக்காரர். வாப்பா எடுத்தார், உம்மம்மா நின்றார், அலுமாரியில் அல்பம் இருந்தது.

1990: அல்பம் இல்லாத வீடுகள்

இந்த இடத்தில் எங்கட கரையின் கதை மற்ற ஊர்களின் கதையிலிருந்து பிரிகிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகை, காசு, பத்திரம் எல்லாம் சோதனைச் சாவடியில் பறிபோயின. மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில்தான் தங்கினார்கள், முதலில் கிடுகு முகாம்களில், பிறகு சின்னச் சின்ன வீடுகளில். பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் போன்றவர்கள் வருடக்கணக்காக இந்த இழப்பைக் கணக்கெடுத்து எழுதினார்கள். 2011 இல் பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் வந்தது.

வீடு, காணி, கடை, வள்ளம் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டார்கள். போட வேண்டியதுதான். ஆனால் அல்பத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளையைத் தூக்குவார்களா, படத்தைத் தூக்குவார்களா? அதனால்தான் இன்று புத்தளத்தில் பல வீடுகளில் குடும்பப் படங்கள் 1991க்குப் பிறகே தொடங்குகின்றன. அதற்கு முதல் இருந்தவர்களுக்கு முகம் இல்லை. மூத்தம்மாவின் கலியாணம், மௌத்தாப்போன மாமா, முற்றத்துக் கிணறு எல்லாம் வாய்ச்சொல்லில் மட்டும் நிற்கின்றன.

இது வெறும் ஏக்கத்தின் கதையில்லை. ஒரு கலியாணப் படத்தின் பின்னால் வீட்டுச் சுவர் இருக்கு, கேற் இருக்கு, பக்கத்து வீட்டுக் கூரையும் இருக்கு. "நாங்கள் அங்கே இருந்தோம்" என்று சொல்ல அது ஒரு சாட்சி. பத்திரம் தொலைந்த குடும்பத்துக்கு அப்படிப்பட்ட ஒரு படம் எவ்வளவு பெறுமதி என்பதைத் திரும்பிப் போக முயன்றவர்களிடம் கேட்டுப் பாருங்க.

ஆனால் ஒரு வழி அப்போதும் திறந்தே இருந்தது. கொழும்பில் இருந்த சாச்சிக்கு, சவூதியில் இருந்த நாநாவுக்குத் தபாலில் அனுப்பிய படங்கள் தப்பின. வேறு இடத்தில் ஒரு பிரதி இருந்தவர்களுக்கு முகம் மிஞ்சியது. இன்று கணினி ஆட்கள் 'பெக்கப்' என்று சொல்வதை எங்கட சனம் தபால் முத்திரை ஒட்டிச் செய்திருக்கு.

சரி, இன்று என்ன வாங்குவது?

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தொட்டது. கமராவின் விலை வெளிநாட்டில் அப்படியே இருக்க, எங்களுக்கு மட்டும் கூடிப்போனது. ஆகவே "மலிவு" என்பதை நாங்கள் எங்கட கணக்கில்தான் பார்க்க வேணும். முதலில் கையில் இருக்கிற போன். அதற்கு ஒரு சின்ன முக்காலி. இரவிலும் ஆட்டமில்லாமல் எடுக்கலாம், இரண்டு செக்கன் டைமரை வைத்தால் விரல் பட்ட அதிர்வும் இல்லை.

தனிக் கமராதான் வேணும் என்றால் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் 50 மில்லிமீற்றர் எப் 1.8 லென்ஸ் ஒன்றும் நீண்ட நாளைக்குப் போதும். பாவித்த சாமான் வாங்கும்போது மூன்றைப் பாருங்க. எத்தனை தடவை கிளிக் செய்யப்பட்டிருக்கு என்ற கணக்கு. லென்ஸுக்குள் டோர்ச் அடித்தால் சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சணம் தெரியுதா என்பது. வெள்ளைச் சுவரை எப் 16 இல் எடுத்தால் கறுப்புப் புள்ளி விழுதா என்பது.

கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு செலவு இருக்கு: உப்புக் காற்று. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவின் உடலைத் துடைத்துக் காயவிட வேணும். இறுக்கமாக மூடுகிற ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. நீல நிறச் சிலிக்கா ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும்; சூடுகாட்டினால் திரும்பவும் நீலமாகும். விலையுயர்ந்த உலர்பெட்டிக்கு இது போதுமான மாற்று.

இலவசச் செயலிகளும் இலவசமில்லாத ஞாபகமும்

படத்தைத் திருத்த போனில் ஸ்னாப்சீட், கணினியில் ஜிம்ப், டார்க்டேபிள் எல்லாம் சதம் செலவில்லாமல் கிடைக்கின்றன. பழைய படத்தைப் பிரதியெடுக்க கூகுளின் போட்டோஸ்கேன் செயலி இருக்கு. ஒரே படத்தைப் பல கோணத்தில் எடுத்துப் பளபளப்பை நீக்கிவிடும். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஜன்னலோரத்தில் நேர் வெயில் படாத இடத்தில் படத்தை வைத்து, பிளாஷ் போடாமல், போனைச் சமாந்தரமாகப் பிடித்து எடுத்தால் நன்றாக வரும். அல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது, இருந்தபடியே எடுங்க. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கிடைத்தால், இன்னொரு போனில் வெள்ளைத் திரையைப் போட்டு அதற்குச் சற்று மேலே நெகட்டிவைப் பிடித்துப் படமெடுக்கலாம். பிறகு ஸ்னாப்சீட்டின் 'கேர்வ்ஸ்' கோட்டைத் தலைகீழாக்கினால் முகம் வெளிவரும்.

வைத்திருக்கிற இடத்தில்தான் சிக்கல். கூகுள் போட்டோஸ் எல்லையில்லாத இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியது. பிளிக்கர் இலவசக் கணக்குக்கு 1,000 படம் என்று எல்லை போட்டது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த திகதி போன்ற விபரங்களையும் கழற்றிவிடும். படமாக அனுப்பாமல் 'டொகியுமன்ட்' ஆக அனுப்பினால் இரண்டும் தப்பும். அன்றைக்குப் படம் லண்டன் அல்பத்துக்குப் போனது. இன்றைக்கு எங்கேயோ இருக்கிற சேர்வருக்குப் போகுது. கதவைப் பூட்டுற அதிகாரம் இரண்டு காலத்திலும் எங்களிடம் இல்லை.

அதனால் மூன்று பிரதி: ஒன்று போனில் அல்லது கணினியில், ஒன்று வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரரிடம் அல்லது இணையத்தில். ஊருக்குப் பொதுவான படங்களென்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தையும் அதன் ஆவணகத்தையும் நாடலாம். பழைய கோட்டை, பள்ளிவாசல், தேவாலயம், கோயில் போன்றவற்றை நீங்களே எடுத்த படங்களென்றால் விக்கிமீடியா பொதுவகத்தில் தமிழ் விளக்கத்தோடு ஏற்றலாம். கற்பிட்டிக் கோட்டையைத் தேடுகிற ஒருவருக்கு எங்கட மொழியில் ஒரு வரி கிடைக்கட்டுமே.

எல்லாவற்றையும்விட மலிவான கருவி பென்சில். படத்தின் பின்னால் மென்மையாக எழுதுங்க: யார், எங்கே, எப்போது, யார் சொன்னது. கோப்பின் பெயரிலும் அதையே போடுங்க. கமரூனின் படத்தில் இல்லாதது அந்த ஒரு வரிதான்.

எதை எடுப்பது, எப்படி எடுப்பது

டொல்பினையும் காற்றாடிச் சறுக்கலையும் எடுக்க ஆயிரம் பேர் வருகிறார்கள். எடுக்கட்டும். ஆனால் கரைவலைப் பாடு எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரை என்று அவர்களுக்குத் தெரியாது. 14 தீவுகளை உள்ளடக்கிய கற்பிட்டிச் சுற்றுலாத் திட்டம் வந்த கரையில், 2011 முதல் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்குகிற கரையில், வள்ளம் ஏற்றிய இடம் எது, அலை எதுவரை வந்தது என்று திகதியோடு காட்டும் ஒரு சாதாரணப் படம் நாளைக்குப் பெரிய பேச்சுப் பேசும். 1992 இல் சரணாலயமான பார் ரீபின் ஆழமில்லாத பவளங்கள் 1998 இல் வெளிறிச் செத்தபோது, முன்பு எப்படி இருந்தது என்று காட்டப் பழைய படம் வைத்திருந்தவர்களின் சொல்லுக்குத்தான் எடை இருந்தது.

எடுக்கிற விதத்திலும் ஒரு பழைய கடன் இருக்கு. சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளிச் சனத்தை எத்தனை கமரா எடுத்திருக்கும்! பாட்டையும் ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் ஒரு பிரிண்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்? நாங்களும் கமரா தூக்கிய உடனே அந்த வெள்ளைக்காரத் துரையாக மாறிவிட முடியும், பிரவ்னியின் விலையில் ஒரு போன் இருந்தால் போதும். கேட்டுவிட்டு எடுப்பது, வேண்டாம் என்றால் விடுவது, பெண்களின் படத்தைச் சொல்லாமல் இணையத்தில் போடாமல் இருப்பது, எடுத்தவர் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுப்பது: இவை மரியாதை மட்டுமில்லை. படம் எடுக்கப்பட்டவர் கையில் படம் சேராத ஒரு நீண்ட வரலாற்றுக்கு எங்கட பக்கத்துப் பதில்.

ஆகவே, "ஒரு கமரா வாங்க எவ்வளவு வேணும்?" என்று கேட்கும் தம்பி தங்கச்சிமாருக்கு எங்கட பதில் இதுதான். இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனால் முதலில் அலுமாரியைத் திறங்க. இருக்கிற படங்களை வெளியே எடுத்து, பெயர் சொல்லக்கூடிய மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் ஒரு பின்னேரம் உட்காருங்க. அலுமாரியில் படமே இல்லையென்றால், கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிற சொந்தக்காரரிடம் பழைய தபாலுறை இருக்கா என்று கேளுங்க. லென்ஸ் பிறகு வாங்கலாம், அது கடையில் இருக்கும். பெயர் தெரிந்தவர்கள் எப்போதும் இருக்க மாட்டார்கள்.